கத்தரியிலிருந்து வண்ணத்துக்கு

"எடிட்டிங் எல்லாம் முடிந்துவிட்டது என்று போன மாதமே சொன்னீர்களே, படம் இன்னும் வரவில்லையே?" சினிமா, சீரியல், விளம்பரம், கல்யாண வீடியோ என்று எந்தத் துறையில் இருந்தாலும் எங்களைப் போன்றவர்கள் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது நியாயமான கேள்விதான். படம் எடுத்தாயிற்று, வேண்டாததை வெட்டி வேண்டியதை ஒட்டியாயிற்று, பேச்சும் பாட்டும் சேர்த்தாயிற்று. இன்னும் என்ன பாக்கி?

பாக்கி இருப்பது வண்ணம். ஒருவர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார். வெயிலில் எடுத்த பகுதியும், மேகம் மூடிய பிறகு எடுத்த பகுதியும் அடுத்தடுத்து வந்தால் முதலாவது மஞ்சள் ஓடியும் அடுத்தது நீலம் பாய்ந்தும் தெரியும். இரண்டையும் ஒரே பொழுதாகக் காட்ட வேண்டும். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே இருண்டுபோன முகத்தை மீட்க வேண்டும். இதைத் தொழிலில் கிரேடிங் என்பார்கள். எடிட்டர் வேலை செய்வது ஒரு சாப்ட்வேரில்; பிரீமியர், அவிட், ஃபைனல் கட் என்று ஏதாவது ஒன்று. வண்ணம் பார்ப்பவர் வேலை செய்வது வேறொன்றில். பெரும்பாலும் டாவின்சி ரிசால்வ், பெரிய கூடங்களில் பேஸ்லைட். முன்னவர் மேஜையிலிருந்து பின்னவர் மேஜைக்குப் படம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பல படங்கள் தங்கிவிடுவது இந்த நடுவழியில்தான்.

நான் அந்தேரியில் இந்த நடுவழியில்தான் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். ஊரில் போய் "என்ன வேலை?" என்று கேட்டால் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் சங்கத்து இளைஞர்கள் சிலர் ஒன்றரை வருஷமாக மும்பையில் வாழும் தமிழ்ப் பெரியவர்களைப் பேட்டி எடுத்து ஒரு படம் தயாரித்துவருகிறார்கள். அந்தப் படம் நடுவழியில் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தேன். நம் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது கையில் கேமரா வைத்திருக்கும் காலம் இது, அவர்களுக்கும் பயன்படட்டும்.

பயணம் போவது பட்டியல்

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். எடிட்டர் கம்ப்யூட்டரில் வெட்டும்போது உண்மையில் எதுவும் வெட்டுப்படுவதில்லை. கேமராவில் பதிவான ஃபைல்கள் முழுதாக அப்படியே இருக்கும். எடிட்டரின் சாப்ட்வேர் வைத்திருப்பதெல்லாம் ஒரு குறிப்பேடு: இன்ன ஃபைலில், இன்ன நொடியில், இன்ன ஃபிரேமில் தொடங்கி, இன்ன இடம் வரை எடுத்து, படத்தின் மூன்றாவது நிமிடத்தில் வை. இப்படி நூறு வரி, ஆயிரம் வரி. வண்ணக்காரருக்குப் போவது இந்தக் குறிப்பேடும், கேமராவின் மூல ஃபைல்களும். அங்கே அவருடைய சாப்ட்வேர் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்து, மூல ஃபைல்களைத் தேடி எடுத்து, படத்தை மறுபடி கட்டும். இதற்குக் கன்ஃபார்ம் என்று பெயர்.

"முடிந்த படத்தையே ஒரு ஃபைலாகக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். கொடுக்கலாம், பலர் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு காட்சி மங்கி அடுத்த காட்சி எழும் இடத்தில் இரண்டு படமும் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கும். ஒன்றை மட்டும் பிரித்து வண்ணம் மாற்ற முடியாது. எழுத்துப் போட்டிருந்தால் முகத்தை வெளிச்சமாக்கும்போது எழுத்தும் சேர்ந்து வெளிச்சமாகும். சுருக்கிய ஃபைலாகக் கொடுத்தால் கேமரா பதிவுசெய்த நுணுக்கத்தில் பாதி போய்விடும். சாம்பாராகிவிட்ட பிறகு பருப்பைத் திரும்ப எடுப்பது மாதிரியான வேலை அது.

நம்மில் பலர் தாதர் எக்ஸ்பிரஸில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள். பெட்டி மேல் வெள்ளைப் பெயிண்டில் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். கூட்டத்தில் பெட்டி எங்கே போனாலும் அந்த எழுத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். பக்கத்துக்காரர் பெட்டியிலும் அதே பெயர் இருந்தால்? அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

விளிம்பில் எழுதிய எண்

இந்தப் பட்டியல் ஏற்பாடு கம்ப்யூட்டர் கண்டுபிடித்ததல்ல. ஃபிலிம் காலத்திலேயே உண்டு. நெகட்டிவின் விளிம்பில் குறிப்பிட்ட இடைவெளியில் எண்கள் இருக்கும். நெகட்டிவிலிருந்து போட்ட ரஷ் பிரிண்டிலும் அதே எண்கள் பதியும். எடிட்டர் கத்தரி வைப்பது ரஷ் பிரிண்டில்தான். அவர் வேலை முடிந்த பிறகு, வெள்ளைக் கையுறை மாட்டிய நெகட்டிவ் கட்டர் விளிம்பு எண்ணைப் பார்த்து மூல நெகட்டிவை வெட்டி ஒட்டுவார். அங்கே கை தவறினால் திருத்தமே கிடையாது. வெட்டிய நெகட்டிவ் வெட்டியதுதான். 1990-இல் கோடக் நிறுவனம் இந்த எண்களைக் கருவி படிக்கும் கோடுகளாகவும் அச்சிடத் தொடங்கியது. கீகோட் என்று பெயர்.

வண்ணம் அப்போது லேபில். சென்னையில் பிரசாத், ஜெமினி. மும்பையில் தார்தேவ் ஃபிலிம் சென்டர் என்று பெயர்கள் பலருக்கு நினைவிருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐம்பது வரை அளவு. ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று எண்கள். லேபில் வண்ணம் பார்ப்பவர் செய்யக்கூடியது அந்த மூன்று எண்ணை மாற்றுவது மட்டுமே. வானத்தை விட்டுவிட்டு முகத்தை மட்டும் மாற்று என்றால் முடியாது. அத்தனை பெரிய வண்ணப் படங்களெல்லாம் இந்த மூன்று எண்ணில் வந்தவைதான் என்பதை இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

வீடியோ டேப் வந்தபோது விளிம்பு எண்ணின் இடத்தை டைம்கோட் பிடித்தது. மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விலாசம். அமெரிக்காவில் சி.பி.எஸ். தொலைக்காட்சியும் மெமோரெக்ஸ் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய சி.எம்.எக்ஸ். நிறுவனம் 1971-இல் கம்ப்யூட்டர் எடிட்டிங் கருவியைக் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் மறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதன் 3600 என்ற கருவி எழுதிய பட்டியல் வடிவம் மட்டும் இன்றும் நடமாடுகிறது. அதுதான் இ.டி.எல். சாதாரண எழுத்து ஃபைல். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஒரே ஒரு படத்தடம், 999 வரி, டேப்பின் பெயருக்கு எட்டு எழுத்து: அதன் எல்லை அவ்வளவுதான். ஆனாலும் நவீன வடிவங்கள் எல்லாம் கைவிட்ட நாளில் இந்தக் கிழட்டு இ.டி.எல். கைகொடுத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகு எடிட்டிங்கே கம்ப்யூட்டருக்குள் போயிற்று. அவிட் 1989-இல் வந்தது. கமல்ஹாசனின் 'மகாநதி' (1994) இந்தியாவில் அவிட்டில் தொகுக்கப்பட்ட தொடக்ககாலப் படங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. எடிட்டர்கள் பல தடங்களில் அடுக்க ஆரம்பித்தார்கள். வேகம் கூட்டினார்கள், குறைத்தார்கள், படத்துக்குள் படம் வைத்தார்கள். இவற்றைச் சொல்ல இ.டி.எல்.லுக்கு வாய் கிடையாது. எனவே எக்ஸ்.எம்.எல்., ஏ.ஏ.எஃப். என்று புதிய பட்டியல் வடிவங்கள் வந்தன. வேடிக்கை என்னவென்றால், ஃபைனல் கட் 7 என்ற சாப்ட்வேர் 2011-இல் நிறுத்தப்பட்டுவிட்டது; அதன் எக்ஸ்.எம்.எல். வடிவத்தில்தான் பிரீமியர் இன்றைக்கும் பட்டியல் எழுதுகிறது, ரிசால்வ் அதைப் படிக்கிறது. ஆள் போய்விட்டார், அவர் பாஷை மட்டும் புழக்கத்தில் இருக்கிறது.

வண்ணத்தின் பக்கத்தில் நடந்தது இன்னும் பெரிய மாற்றம். டாவின்சி கருவி ஒரு காலத்தில் லட்சக்கணக்கான டாலர் விலை. அது இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். 2009-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் அதை வாங்கியது. 2010-இல் மேக் கம்ப்யூட்டருக்கான சாப்ட்வேரை 995 டாலருக்கு விற்றது. 2011-இல் இலவசப் பதிப்பையே வெளியிட்டது. தாராவியில் ஒற்றை அறை வீட்டில் லேப்டாப் வைத்திருக்கும் பையனும் இன்று அதே சாப்ட்வேரைத் திறக்கிறான். கருவி கைக்கு வந்துவிட்டது. லேபில் நெகட்டிவ் கட்டருக்கு இருந்த ஒழுங்கு கருவியோடு சேர்ந்து வரவில்லை.

தாத்தாவின் குரலில் டீச்சரம்மா

இனி நம் இளைஞர்கள் படத்துக்கு வருகிறேன்.

பேட்டி கொடுத்தவர்களில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் பட்டறையில் வாழ்நாளைக் கழித்தவர். உப்புப் போட்ட தோலின் வாடை வீட்டுச் சோற்றிலும் வந்தது பற்றி, மழைக்காலத்தில் பட்டறைக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றது பற்றி, ஊருக்கு மணியார்டர் அனுப்பிய நாட்களைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசியிருந்தார். இன்னொருவர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார். இரண்டு பேட்டியும் வேறு வேறு ஞாயிற்றுக்கிழமையில், ஒரே கேமராவில் எடுத்தவை. குரலைத் தனி ரிக்கார்டரில் பதிவுசெய்திருந்தார்கள்.

கேமராவின் கார்டை ஒவ்வொரு முறையும் துடைத்துப் போட்டால், அமைப்பைப் பொறுத்து, ஃபைல் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். சி 0001, சி 0002 என்று முதல் ஞாயிறும் அதே பெயர்கள்; அடுத்த ஞாயிறும் அதே பெயர்கள். டைம்கோடும் இரண்டிலும் பூஜ்யத்தில் தொடங்கியிருந்தது. எடிட்டிங் செய்த பெண் கெட்டிக்காரி. கல்யாணில் இருக்கும் தன் வீட்டு டிஸ்கில் ஒவ்வொரு நாளையும் தனித்தனி ஃபோல்டரில் வைத்திருந்தாள். ஆகவே எடிட்டிங் முடியும்வரை எந்தக் குழப்பமும் இல்லை. வண்ணத்துக்காக இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்தபோது, உதவிக்கு வந்த ஒருவர் "எதற்கு இத்தனை ஃபோல்டர்?" என்று எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டிவிட்டார். "இதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, மாற்றி வைக்கவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. ஆமாம் என்று அழுத்தியிருக்கிறார். தாத்தாவின் ஃபைல்கள் மேல் டீச்சரம்மாவின் ஃபைல்கள் உட்கார்ந்துகொண்டன.

நகல் டிஸ்கும் பட்டியலும் அந்தேரிக்கு வந்தன. ஃபைல் காணவில்லை என்றால் ரிசால்வ் சிவப்புப் பலகை காட்டும். யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. இங்கே சிவப்பே இல்லை. பட்டியல் கேட்ட பெயரும் இருந்தது, டைம்கோடும் இருந்தது. சாப்ட்வேருக்கு மனிதர் முகம் தெரியாது. படம் முழுக்கப் பொருந்திவிட்டதாகச் சொல்லிவிட்டது.

இப்படிப்பட்ட இடத்துக்காகவே ஒரு வழக்கம் உண்டு. எடிட்டர் தன் மேஜையில் பார்த்த படத்தை, திரையில் டைம்கோட் ஓடும்படி, சிறிய ஃபைலாக எடுத்துக் கூடவே அனுப்ப வேண்டும். வண்ணக்காரர் அதைப் புதிதாகக் கட்டிய படத்தின் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வெட்டையும் ஒப்பிடுவார். அந்தப் பெண்ணும் அதை அனுப்பியிருந்தாள். பாதித் திரையில் அவள் படம், பாதித் திரையில் எங்கள் படம். பதினோராவது நிமிடத்தில் தாத்தாவின் குரல் தோல் பட்டறையின் சுண்ணாம்புத் தொட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இடது பக்கம் தாத்தா, வலது பக்கம் டீச்சரம்மா தலையசைத்துப் புன்னகைக்கிறார்.

"அங்கிள், இது நம்ம தாத்தா இல்லையே!" என்றாள் அவள். அடுத்த நொடி அவள் முகம் மாறியதை மறக்க முடியாது. தாத்தா அந்த மழைக்காலத்தில்தான் காலமாகியிருந்தார். கேமரா கார்டு துடைத்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. கல்யாண் டிஸ்கையும் இந்த நகலைப் பார்த்து யாராவது "சுத்தம்" செய்திருந்தால், அவர் முகம் உலகத்தில் எங்கும் இல்லை. பேரனிடம் சில போட்டோக்கள் உண்டு. அவர் பேசும் முகம் இதில் மட்டும்தான்.

அன்று இரவே கல்யாணுக்குப் போன் செய்து, டிஸ்கை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லி, மறுநாள் காலை லோக்கல் ரயிலில் அவள் அப்பா துண்டில் சுற்றி எடுத்துவந்தார். தாத்தா இருந்தார். இரண்டு மணி நேரமும் முழுதாக.

பிறகு செய்தது எளிமையான வேலை. ஒவ்வொரு ஃபைல் பெயருக்கு முன்னாலும் தேதியும் கார்டு எண்ணும் சேர்த்தோம். எடிட்டிங் சாப்ட்வேரிலும் அதே பெயருக்கு இணைத்துப் பட்டியலைப் புதிதாக எழுதினோம். இதைப் படம் எடுத்த அன்றே, எடிட்டிங் தொடங்கும் முன்னரே செய்தால் பத்து நிமிடம். பின்னால் செய்ததால் இரண்டு நாள். பெயரை ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்டு, இடைவெளி இல்லாமல் வைக்க வேண்டும். தமிழில் பெயர் வைக்க ஆசைதான். பழைய பட்டியல் வடிவங்களில் தமிழ் எழுத்து உருக்குலைந்துவிடும்.

எல்லை தாண்டாதவை

பட்டியலில் வெட்டும் இடம், சேரும் இடம், சாதாரண மங்கல், எளிய அளவு மாற்றம் ஆகியவை ஓரளவு ஒழுங்காகப் போகும். எடிட்டிங் சாப்ட்வேருக்கே உரிய ஜாலங்கள் போகாது. ஆடிய படத்தை நிலைநிறுத்தியது, போகப் போக வேகம் மாறுவது, தனியாக வாங்கிப் போட்ட எஃபெக்ட்கள், ஒரு தொகுப்புக்குள் இன்னொரு தொகுப்பை வைத்தது: இவை அந்தப் பக்கம் போனதும் காணாமல்போகும், அல்லது வேறு உருவத்தில் வரும். இவை உள்ள காட்சிகளை மட்டும் எடிட்டரே தரம் குறையாத ஃபைலாக எடுத்து அந்தந்த இடத்தில் வைத்து அனுப்புவது நல்லது. புரோரெஸ் 422 ஹெச்.க்யூ. மாதிரியான வடிவத்தில் எடுத்தால், சாதாரண ஹெச்.டி. படம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.4 கிகாபைட் ஆகும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

தமிழ் எழுத்து தனிக் கதை. நம் இதழுக்கு அச்சுக் கோக்கும் அன்பர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஒரு ஃபான்டில் அடித்ததை இன்னொரு ஃபான்டில் திறந்தால் சீன பாஷை மாதிரி வரும். யூனிகோட் வந்து அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. ஆனால் வீடியோ சாப்ட்வேர்களில் அது வேறு உருவில் பிழைத்திருக்கிறது. பிரீமியரில் தெற்காசிய எழுத்துகளுக்கென்று உள்ள அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்த் தனியாக நிற்கும். சில இடத்தில் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். ஒரு சாப்ட்வேரில் சரியாக அமைத்த பெயர் அட்டை, அடுத்ததற்குப் போனால் மறுபடி உடையலாம். நம் படத்தில் ஒரு பெரியவர் பெயர் கொ-வில் தொடங்குகிறது. அவர் பெயரே அடையாளம் தெரியாமல் போயிற்று. மும்பையில் வண்ணக் கூடத்தில் இருப்பவர் மராத்தியராகவோ பஞ்சாபியாகவோ இருந்தால் தவறு அவர் கண்ணுக்குப் படாது. தியேட்டரில் நம் கண்ணுக்குத்தான் படும். எழுத்து எதையும் வண்ணத்துக்கு அனுப்பாமல், வண்ணம் முடிந்து படம் திரும்பிவந்த பிறகு எடிட்டரே போடுவது உத்தமம்.

இன்னொரு கண்ணி, ஃபிரேம் கணக்கு. நம் நாட்டுத் தொலைக்காட்சி நொடிக்கு 25 படம், சினிமா 24. செல்போனோ 30 என்று சொல்லிக்கொண்டு, வெளிச்சத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்து எடுக்கும். அப்படி எடுத்ததை நேராக எடிட்டிங்கில் போட்டால், இங்கே ஒரு கணக்கும் அங்கே ஒரு கணக்குமாக வெட்டு இடம் நகர்ந்துபோகும். கல்யாணத்தில் தாலி கட்டும் நொடி ஒரு வினாடி தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. செல்போன் படங்களை முதலிலேயே சீரான வேகத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டு, பிறகே கத்தரியைத் தொட வேண்டும்.

அனுப்பும் முன் எடிட்டர் தன் தொகுப்பை நகல் எடுத்து, அந்த நகலில் அடுக்கடுக்காக உள்ளவற்றை முடிந்தவரை ஒரே தடத்துக்கு இறக்கி, பயன்படாததை நீக்கி, தானே போட்டுப் பார்த்த வண்ணங்களைக் கழற்றிவிட வேண்டும். எனக்குப் பழக்கம், முழுப் படத்தையும் அனுப்பும் முன் ஒரு நிமிடத்தை மட்டும் போய்த் திரும்பவைத்துப் பார்ப்பது. தயாரிப்பாளர்கள் இதற்கு நேரம் தரமாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

நம் நிறம்

வண்ண மேஜையில் நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. முகம் வந்தவுடன் பக்கத்தில் நிற்பவர்கள் முதலில் சொல்வது "கொஞ்சம் வெளுப்பாக்குங்க" என்பதுதான். விளம்பரப் படங்களில் வருஷக்கணக்காக இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தாத்தாவின் காட்சி வந்தபோதும் ஒருவர், மரியாதையின் பேரில், அதையே சொன்னார்.

வண்ணத்தை அளக்கும் வெக்டர்ஸ்கோப் என்ற கருவி ஒன்று உண்டு. வட்டத்துக்குள் எந்த வண்ணம் எந்தத் திசையில் என்று காட்டும். அதில் மனிதத் தோலுக்கென்று ஒரு கோடு. காஷ்மீரி முகமானாலும் கன்னியாகுமரி முகமானாலும், இயல்பான வெளிச்சத்தில் எடுத்தால், ஏறத்தாழ அந்த ஒரே கோட்டை ஒட்டியே விழும். வேறுபாடு வெளிச்சத்தின் அளவிலும் வண்ணத்தின் அடர்த்தியிலும்தான். ஆகவே கருத்த முகம் சரியில்லாத முகம் என்று கருவி ஒருநாளும் சொல்வதில்லை. கறுப்பான முகத்தை வலிந்து வெளுக்கும்போது சாம்பல் பூத்து, சுருக்கங்கள் மறைந்து, உயிர் போய்விடும். தாத்தாவின் முகத்தில் நாங்கள் செய்தது, ஜன்னல் வெளிச்சத்தில் கண்கள் புதைந்திருந்ததைக் கொஞ்சம் தூக்கியது மட்டுமே. அவர் நிறத்தைத் தொடவில்லை. பேரன் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழி

வண்ணம் முடிந்த படம் எடிட்டரிடம் திரும்ப இரண்டு வழி. முழுப் படமாக ஒரே ஃபைல். அல்லது ஒவ்வொரு காட்சியும் தனி ஃபைலாக, முன்னும் பின்னும் ஒரு நொடி உபரியோடு, கூடவே புதுப் பட்டியல். கடைசி நேரத்தில் வெட்டை இரண்டு ஃபிரேம் நகர்த்தும் பழக்கமுள்ள இயக்குநர் என்றால் இரண்டாவது வழியே பிழைக்கும் வழி. எங்கள் தொழிலில் அந்தப் பழக்கம் இல்லாத இயக்குநரை நான் சந்தித்ததில்லை.

திரும்பி வந்த படம் வெளிறித் தெரிகிறது, அல்லது கறுப்பெல்லாம் மை அப்பியதுபோல் தெரிகிறது என்று புகார் வரும். பெரும்பாலும் வண்ணக்காரர் மேல் குற்றமில்லை. தொலைக்காட்சி மரபில் கறுப்பு 16 என்ற எண்ணிலும் வெள்ளை 235-லும் இருக்கும். கம்ப்யூட்டர் மரபில் 0 முதல் 255 வரை. அனுப்பும் பக்கம் ஒரு மரபும் வாங்கும் பக்கம் ஒரு மரபுமாக இருந்தால் இந்தக் கோலம்தான். அதோடு, ஒரே ஃபைலை ஆப்பிள் கம்ப்யூட்டரும் வீட்டு டி.வி.யும் வேறு வேறு அழுத்தத்தில் காட்டும். கடைசியாகப் பார்க்கும் திரையிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது தலைவலியைக் குறைக்கும்.

"ரிசால்விலேயே இப்போது எடிட்டிங்கும் செய்யலாமே, இத்தனை அலைச்சல் எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்டார்கள். உண்மைதான். 2014-க்குப் பிறகு அதில் எடிட்டிங் நன்றாகவே வளர்ந்துவிட்டது. ஒரே ஆள் ஒரே கம்ப்யூட்டரில் செய்யும் சின்னப் படத்துக்கு, கல்யாண வீடியோவுக்கு, சங்கத்து விழாப் பதிவுக்கு அதுவே போதும். நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் எடிட்டர் கல்யாணிலும் வண்ணக்காரர் அந்தேரியிலும் ஒலிக்காரர் சென்னையிலும் இருக்கும் படத்தில் யாராவது ஒருவர் வேறு சாப்ட்வேரில்தான் இருப்பார். ஒரே சாப்ட்வேர் என்றாலும் டிஸ்க் கைமாறும். கார்டும் ஃபைல் பெயரும் அதே தொல்லையைத் தரும்.

படத்தில் இதுவரை பதினொரு பேரின் பேட்டி முடிந்திருக்கிறது. மூல ஃபைல்கள் இப்போது இரண்டு டிஸ்கில்: ஒன்று சங்க நூலக அலமாரியில், மற்றது கல்யாணில். ஒவ்வொன்றிலும் எடிட்டிங் சாப்ட்வேரின் ஃபைலோடு, எக்ஸ்.எம்.எல். பட்டியலும், பழைய இ.டி.எல். ஒன்றும், டைம்கோட் ஓடும் சிறிய படமும் இருக்கின்றன. மீதி ஐந்து பேரைப் பொங்கலுக்குப் பிறகு படமெடுக்கப் போகிறார்கள். அதில் இரண்டு பேருக்கு வயது தொண்ணூறு தாண்டிவிட்டது. அவர்களைப் பொங்கலுக்கு முன்பே எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். கார்டு வைக்க அந்தப் பெண்ணின் அம்மா சிறு துணி உறைகள் தைத்துக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுத வெள்ளை நாடா ஒட்டியிருக்கிறது.